கண் மட்டும் தெரியும் தொப்பி

தைப்பனி தரையைத் துளைக்கும், மாசிப்பனி மச்சைத் துளைக்கும் என்று சொல்லி வைத்தவர்கள், மோட்டார் சைக்கிளில் போகிறவனின் முகத்தை அது என்ன செய்யும் என்று மட்டும் சொல்லாமல் போய்விட்டார்கள். அந்தக் காலத்தில் மோட்டார் சைக்கிள் இல்லாதது அவர்களுக்கு வசதியாகப் போயிற்று. மிச்சத்தை நான் சொல்கிறேன்.

வெளிநாட்டில் இருக்கும் என் தம்பி, கிளிநொச்சியில் குளிர் என்று நான் சொன்னால் தொலைபேசியிலேயே விழுந்து விழுந்து சிரிப்பான். அவன் இருக்கும் ஊரில் பனி முழங்கால் உயரத்துக்குக் கொட்டுமாம். கொட்டட்டும். அவன் கண்ணாடியைப் பூட்டிய காருக்குள் சூட்டைப் போட்டுக்கொண்டு போகிறவன். உருத்திரபுரத்தில் விடியுமுன் வாய்க்கால் கரையால், இரண்டு பக்கமும் பால் கான் தொங்க, முகத்தைக் காற்றுக்குக் கொடுத்துக்கொண்டு ஒருநாள் போய்ப் பார்த்துவிட்டு வந்து கதைக்கட்டும்.

என் கணவர் பால் எடுக்கிறவர். மாடு வைத்திருக்கும் வீடுகளுக்கு இருட்டோடு இருட்டாகப் போய், படலையில் நின்று பாலை அளந்து வாங்கி, கிளிநொச்சியில் தேநீர்க் கடைகளுக்கும் பால் சேகரிக்கும் இடத்துக்கும் கொண்டுபோய்க் கொடுப்பார். நான் அதே பட்டினத்தில் ஒரு கந்தோரில் மேசை வேலை செய்கிறேன். நான் எழும்பி அடுப்பு மூட்டும்போது அவர் பாதி ஊரைச் சுற்றி முடித்திருப்பார். வயல் விளைந்து கிடக்கும் தை மாதத்தில் அந்த வாய்க்கால் கரையில் பனிப்புகைக்குள் முன்னால் போகிற மாடு தெரியாது. மாட்டின் மணிச் சத்தத்தைக் கேட்டுத்தான் பிரேக் பிடிக்கவேண்டும்.

போன வருடம் தை முடியும் தறுவாயில், பாலைக் கொடுத்துவிட்டு வந்து குசினிக்குள் கதிரையைப் போட்டுக்கொண்டு தேத்தண்ணி குடித்தார். இடது பக்க வாயோரத்தால் தேத்தண்ணி வழிந்து சட்டையில் விழுந்தது. சின்னப்பிள்ளை மாதிரி என்ன இது என்று நான் பகிடி பண்ணினேன். அவரும் சிரித்தார். சிரிப்பு ஒரு பக்கம்தான் போயிற்று. மற்றப் பக்கம் அப்படியே கிடந்தது. என் கையில் இருந்த கரண்டி எங்கே போனது என்று இன்றுவரை எனக்குத் தெரியாது.

ஆஸ்பத்திரியில் டொக்டர் பார்த்துவிட்டு, பயப்படாதீர்கள், இது முகத்து நரம்பில் வருவது, பெரும்பாலும் மாறிவிடும் என்றார். குளிர்தான் காரணமா என்று கேட்டேன். அப்படி அறுதியிட்டுச் சொல்ல ஏலாது, என்றாலும் குளிர்காற்று முகத்திலும் காதிலும் அடிக்காமல் பார்த்துக்கொள்ளுங்கள் என்றார். ஊருக்கு அந்தச் சந்தேகம் எல்லாம் இல்லை. பனிக்காற்றுத்தான் என்று ஊர் ஒரே வாயாகச் சொல்லிவிட்டது. ஆளுக்கொரு வைத்தியமும் சொன்னது. ஆமணக்கு இலையை வாட்டிக் கட்டச் சொன்னார்கள், நல்லெண்ணெயை வாயில் விட்டுக் கொப்பளிக்கச் சொன்னார்கள், பலூன் ஊதச் சொன்னார்கள். அவர் பலூன் ஊதினார். நாற்பது தாண்டிய ஆம்பிளை வாசலில் இருந்து சிவப்புப் பலூனோடு மல்லுக்கட்டுவதும், காற்று வாயோரத்தால் புஸ்ஸென்று போவதும் பார்க்கச் சிரிப்பாகத்தான் இருந்தது. நான் சிரித்துவிட்டுக் கிணற்றடிக்குப் போய் அழுவேன். இரவில் அவரது இடது கண் மூடாது. அதற்கு மருந்து விட்டு, மெல்லிய துணியை வைத்து நான்தான் ஒட்டிவிடுவேன். ஒரு கண் நித்திரை கொள்ள மறு கண் என்னைப் பார்த்தபடி இருக்கும் மனிதருக்குப் பக்கத்தில் எப்படித் தூங்குவது?

பங்குனி பிறக்கும்போது முகம் பழையபடி வந்துவிட்டது. நான் கோயிலுக்கு வைத்த நேர்த்தியா, டொக்டரின் குளிசையா, பலூனா என்று கேட்டால் நான் மூன்றுக்கும் நன்றி சொல்வேன். என் மனுசன் அழகன் என்று நான் எழுத மாட்டேன். எழுதினால் அவருக்குத் தலைகால் தெரியாது. ஆனால் அந்த முகம் எனக்கு வேண்டும். இரண்டு பக்கமும் சேர்ந்து சிரிக்கிற முகமாக வேண்டும். வேறு பெரிய ஆசை எதுவும் எனக்கு இல்லை.

ஆகவே இந்த வருடம் தை பிறக்கும் முன்னமே தொப்பி தேடத் தொடங்கினேன். அவரிடம் ஹெல்மெற் இருக்கிறது. ஆனால் பனிக்குள் அதன் கண்ணாடியை இறக்கினால் மூச்சுப் பட்டுப் புகாரடித்துவிடும், பாதை தெரியாது. கண்ணாடியை ஏற்றினால் காற்று நேரே முகத்தில். துவாயைக் கட்டினால் அது அவிழ்ந்து சில்லுக்குள் போகப் பார்க்கும். தலை, காது, கழுத்து, மூக்கு எல்லாவற்றையும் சேர்த்து மூடுகிற தொப்பிதான் சரி என்று முடிவு செய்தேன்.

சந்தைக்குப் பக்கத்தில் வவுனியாவிலிருந்து வந்து கடை போட்டிருக்கும் ஒரு முஸ்லிம் வியாபாரி இருக்கிறார். நாங்கள் எல்லோரும் நானா என்றுதான் கூப்பிடுவோம். மழைக்கோட்டு, குளிர்ச்சட்டை, கையுறை எல்லாம் அவரிடம்தான். மலைநாட்டுப் பக்கம் போகிறவர்களுக்காக ஒரு பெட்டி நிறையத் தொப்பி வைத்திருந்தார். அதைக் கவிழ்த்துக் கொட்டியதும் எனக்குத் தலை சுற்றியது. வட்டமாக முகத்தை விட்டு மற்றதெல்லாம் மூடுகிறது ஒன்று. இரண்டு கண்ணுக்கும் வாய்க்கும் தனித்தனியாக ஓட்டை வைத்தது ஒன்று. கண் இருக்கும் இடத்தில் மட்டும் நீளமாக ஒரு திறப்பு விட்டது ஒன்று. கழுத்தில் மாட்டி மூக்குவரை இழுத்துவிடும் குழாய் மாதிரி ஒன்று. கம்பளி, பருத்தி, இழுபடுகிற மெல்லிய துணி என்று வகை வேறு.

நான் சேலை எடுக்கப் போனாலே கடைக்காரருக்குப் பொறுமை போய்விடும். தொப்பி எடுக்க எவ்வளவு நேரம் எடுத்திருப்பேன் என்று யோசித்துக்கொள்ளுங்கள். ஒவ்வொன்றையும் நானே போட்டுப் பார்த்தேன். மூச்சை இழுத்து விட்டேன். உச்சியில் தையல் தடிப்பாக இருக்கிறதா என்று தடவினேன். வட்ட முகம் திறந்தது சரிவராது, எனக்கு மூடவேண்டியதே அந்த முகம்தான். குழாய் மாதிரி இருந்தது காற்றுக்கு வழுகி இறங்கிவிடும். கண் மட்டும் தெரிகிற கறுப்புக் கம்பளித் தொப்பியை மாட்டிக்கொண்டு கண்ணாடி பார்க்கக் கடை வாசலுக்கு வந்தேன். நானா அவசரமாகக் கையைக் காட்டி, வாசலில் நின்று போட வேண்டாம் தங்கச்சி, உள்ளே வந்து போட்டுப் பாருங்கள் என்றார். வெயிலில் சாமான் வெளிறிவிடும் என்று பயப்படுகிறாராக்கும் என நினைத்துக்கொண்டு உள்ளே வந்தேன்.

அந்தக் கம்பளித் தொப்பியையே வாங்கினேன். தடிப்பாக இருந்தால் காற்றுப் போகாது என்பது என் கணக்கு. அவர் அதைக் கையில் வாங்கி, இதுக்குள் ஒரு செம்மறி ஆடே இருக்குமே என்றார். போட்டுக் காட்டச் சொன்னேன். ஹெல்மெற் ஏறவில்லை. மெல்லியது ஒன்றை மாற்றி எடுத்து வந்தேன். அதைப் போட்டால் மூச்சு முட்டுகிறது என்றார். பொலிஸ் மறிப்பார்கள் என்றார். நாய்கள் அடையாளம் தெரியாமல் துரத்தும் என்றார். நான் ஒவ்வொன்றுக்கும் பதில் சொன்னேன். கடைசியில், சரி, நாளைக்குப் போடுகிறேன் என்று வாங்கி மோட்டார் சைக்கிளில் சாமான் வைக்கும் இடத்துக்குள் வைத்துக்கொண்டார்.

சில நாள் கழித்து அதைத் தோய்க்கலாம் என்று எடுத்தேன். நான் மடித்துக் கொடுத்த மடிப்புக் கலையாமல் இருந்தது. மூக்கருகே வைத்துப் பார்த்தால் கடை மணம். பால்காரன் ஒரு நாள் போட்ட துணி என்றால் ஊர்ப் பூனைகளுக்கெல்லாம் தெரியும், எனக்குத் தெரியாதா?

எனக்குக் கோபம் வந்தால் சொல் தடிப்பாகத்தான் வரும். ஊர்ப் பெண்டுகளுக்கு விடியக்காலையில் முகம் காட்டாவிட்டால் பால் சுரக்காதோ என்று கேட்டேன். மாப்பிள்ளை எடுப்பு இன்னும் போகவில்லை என்றேன். சென்ற வருடம் அந்த முகம் கிடந்த கிடை மறந்துபோச்சோ என்றும் கேட்டேன். ஒரு சொல்லுக்கு இரண்டு சொல் திருப்பித் தருகிற மனிதர் அன்று வாயே திறக்கவில்லை. வாளியைக் கழுவிக்கொண்டிருந்தார். மௌனம் சம்மதம் என்பார்கள். அழகு பார்க்கிற ஆள் அகப்பட்டுக்கொண்டார் என்று நான் எடுத்துக்கொண்டேன்.

பிறகு ஒரு பின்னேரம் அவர் இடது காதுக்குப் பின்னால் விரலை வைத்து அமத்துவதைக் கண்டேன். நான் பார்க்கிறேன் என்று தெரிந்ததும் கையை எடுத்துவிட்டார். போன முறை முகம் கோண முன்பும் அந்த இடத்தில்தான் நோ தொடங்கியது. எனக்குக் கோபமெல்லாம் எங்கே போனதோ தெரியாது. அன்றே ஒரு நூலை எடுத்து, சாப்பிட்டுக்கொண்டிருந்தவரின் தலையைச் சுற்றி அளந்தேன். நாடியிலிருந்து உச்சிவரையும் அளந்தேன். என்ன, சவப்பெட்டிக்கு அளவெடுக்கிறீரோ என்று கேட்டார். வாயைப் பொத்திக்கொண்டு சாப்பிடுங்கோ என்றேன்.

அந்த நூலோடு நானாவிடம் போனேன். கம்பளி வேண்டாம், மூச்சு ஈரத்தைக் குடித்துக் குடித்துக் கடைசியில் அதுவே குளிரும் என்று அவர் விளங்கப்படுத்தினார். இரண்டு மடிப்புத் துணி, மூக்குக்கு நேரே பொடி ஓட்டைகள், கழுத்து நீளம் சட்டைக்குள் செருகுகிற அளவு. மண் நிறம். கண்ணுக்கு மட்டும் திறப்பு. இழுத்தால் விரியும், விட்டால் முகத்தோடு ஒட்டும். அளவு நூலோடு ஒத்துவந்தது. இவ்வளவு திருத்தமாக நான் என் கலியாணச் சட்டையையும் தைப்பிக்கவில்லை.

அடுத்த நாள் எனக்கு விடுமுறை. இந்த முறை நானும் வருகிறேன், பின்னால் இருந்து பார்க்கிறேன், எப்படிக் கழற்றுகிறீர்கள் என்று பார்ப்போம் என்றேன். எங்கள் படலையடியில் வைத்து நானே அவருக்குத் தொப்பியை மாட்டினேன். காது இரண்டையும் மூடிவிட்டு ஹெல்மெற்றை வைத்தேன். வழுக்கிக்கொண்டு ஏறியது. பால் கான்களுக்கு நடுவே ஒருபக்கமாக ஒடுங்கி இருந்துகொண்டு, வெற்றி பெற்றவளாக நான் போனேன்.

வாய்க்கால் மதகடி வந்ததும் நிறுத்தினார். அங்கிருந்து திரும்பினால் முதல் வீடு. இறங்கி, ஹெல்மெற்றைக் கழற்றிக் கைபிடியில் கொழுவினார். தொப்பியையும் கழற்றி என் கையில் தந்தார். நான் வாயைத் திறக்க முன்னமே, பொறும், சொல்லுறன் என்றார்.

அந்த முதல் வீட்டில் ஓர் அக்கா இருக்கிறார். தனியாள், ஒரு பசு, ஒரு கன்று. வவுனியாப் பக்கத்திலிருந்து இடம்பெயர்ந்து வந்து இங்கேயே தங்கியவர். அவரைக் கண்டால் வணக்கம் சொல்வேன், அதற்கு மேல் பழக்கமில்லை. போன வருடம் தையில், முகம் கோணுவதற்குச் சில நாள் முன், என் கணவர் குளிருக்குத் துவாயால் தலையையும் முகத்தையும் சுற்றிக் கட்டிக்கொண்டு போயிருக்கிறார். மழை பெய்து ஒழுங்கை சேறாகிக் கிடந்ததால் எஞ்சினை நிறுத்திவிட்டுத் தள்ளிக்கொண்டு போனார். சத்தம் இல்லை. அக்கா பால் வாளியோடு படலையைத் திறந்தபோது, பனிக்குள் கண் மட்டும் தெரிகிற ஓர் உருவம் நின்றது.

“வாளி விழுந்திட்டுது. பால் முழுக்க நிலத்திலை. அவா ஓடேல்லை, கத்தேல்லை. கை ரெண்டையும் கீழை விட்டிட்டு நேரா நிண்டவா. முகத்தைத் தூக்கி எனக்குக் காட்டிக்கொண்டு நிண்டவா. நான் தலையாட்டுவனோ, மாட்டனோ எண்டு பாத்துக்கொண்டு.”

எங்களுக்குள் இதற்கு மேல் கதை தேவையில்லை. தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். போர் நடந்த சுற்றிவளைப்புக் காலத்தில் ஆமிக்காரர் ஊரை ஒரு வெளியில் கூட்டி வரிசையாக நிறுத்துவார்கள். முகத்தை மூடி, கண்ணுக்கு மட்டும் ஓட்டை விட்ட ஒருவரைக் கொண்டுவந்து முன்னால் இருத்துவார்கள். ஒவ்வொருவராக அவருக்கு முகத்தைக் காட்டிக்கொண்டு நிற்கவேண்டும். அவர் பேசமாட்டார். தலையை ஆட்டினால் அந்த ஆளைக் கொண்டுபோய்விடுவார்கள். தலையாட்டி என்றுதான் அவருக்குப் பெயர். பால் சிந்திய அன்று அக்கா என் கணவரிடம் சொன்னாராம், வரிசையில் தனக்குப் பின்னால் நின்றவர் தன் தம்பி என்று. அக்காவுக்கு ஆடாத தலை தம்பிக்கு ஆடியது. அவர் திரும்பி வரவில்லை.

நானா ஏன் என்னைக் கடை வாசலில் நிற்க விடவில்லை என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது. தலையாட்டியை அறியாதவளா நான்? என் மனம் முழுக்கக் காற்றும் காதும் கம்பளியுமாக இருந்ததில், கையில் வைத்திருப்பது என்ன என்று எனக்குத் தெரியாமல் போயிற்று.

என் கணவர் அன்றைக்குத் துவாயை அவிழ்த்தவர்தான். அதன் பிறகு ஒவ்வொரு நாளும் வெறும் முகத்தோடு போயிருக்கிறார். கொஞ்ச நாளில்தான் வாயோரத்தால் தேத்தண்ணி வழிந்தது. ஏன் எனக்கு ஒரு சொல் சொல்லவில்லை என்று கேட்டேன்.

“அது அவாவின்ரை கதை. அவாவே வேறை ஒருத்தருக்கும் சொல்லேல்லை. நான் ஏன் சொல்லித் திரிவான்?”

ஒவ்வொரு வீட்டுக்கும் முன்னால் கழற்றிப் போட்டால் என்ன என்று கேட்டேன். கை முழுக்கப் பால், மறந்துபோய் ஒருநாள் மூடிய முகத்தோடு போய் நின்றுவிட்டால் என்ன செய்வது என்றார். அந்த ஒழுங்கையில் அக்காவைப் போல இன்னும் எத்தனை பேர் இருக்கிறார்களோ, யாருக்குத் தெரியும் என்றார். நான் மதகுக் கட்டில் இருந்துவிட்டேன். ஒரு மனுசி பயப்படக்கூடாது என்பதற்காகத் தன் முகத்தைப் பனிக்குக் கொடுத்துவிட்டு, வீட்டில் பெண்டாட்டியிடம் அழகு பார்க்கிறவன் என்று ஏச்சும் வாங்கிக்கொண்டு வாளி கழுவிய அந்த மனிதன் மேல் எனக்கு வந்த அன்பை நேரில் சொன்னால் பகிடி பண்ணுவார். அதனால்தான் இங்கே எழுதுகிறேன். அன்போடு கோபமும் வந்தது. அந்த அக்கா மேல் இல்லை. முகத்தை மூடிக்கொண்டு ஆட்களைக் காட்டிக்கொடுக்க வைத்த காலத்தின் மேல்.

எழும்பி அவரோடு நடந்தேன். இருவரும் மோட்டார் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு போனோம். அக்கா படலையில் மின்குமிழைப் போட்டுவிட்டு வாளியோடு நின்றார். ஒல்லியான ஆள், சேலைத் தலைப்பைத் தலையில் போட்டு இறுக்கிக் காதை மூடியிருந்தார். என்னைக் கண்டதும் முகம் மலர்ந்தது. பிறகு என் கணவரின் வெறும் முகத்தைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், தொடங்கினார்.

“ஏன் பிள்ளை, நீ கந்தோரிலை வேலை செய்யிறனீ. மனுசனுக்கு ஒரு தொப்பி வாங்கிக் குடுக்கேலாதோ? ஊரிலை எல்லாரும் மூடிக்கொண்டு திரியினம். இவர் மட்டும் முகத்தைத் திறந்துகொண்டு வாறார். ஒருக்காக் கோணினது காணாதோ?”

பழி ஓரிடம் பாவம் ஓரிடம் என்பது இதுதான். என் நாக்கு யாருக்கும் அடங்கினதில்லை. அன்று அடங்கிக் கிடந்தது. ஓம் அக்கா, வாங்க வேணும் என்றேன். தொப்பி இருந்த கையைச் சேலைக்குப் பின்னால் கொண்டுபோனேன். தம்பி ஒளிப்பதைப் பார்த்து வளர்ந்த கண்ணோ என்னவோ, அக்கா அதைக் கண்டுவிட்டார். கையில் என்ன என்று கேட்டார். நான் என் கணவரைப் பார்த்தேன். அவர் நிலத்தைப் பார்த்தார். பொய் சொல்ல ஒன்றும் அகப்படவில்லை. கொடுத்தேன்.

அக்கா வாளியை வைத்துவிட்டுத் தொப்பியை மின்குமிழ் வெளிச்சத்தில் பிடித்துத் திருப்பிப் பார்த்தார். புதுத் துணி, நல்ல துணி என்றார். உள்ளே கையை விட்டு விரித்தார். கண்ணுக்கு விட்ட திறப்பால் அவருடைய விரல்கள் வெளியே வந்தன. அப்படியே நின்றார். கொட்டிலில் பசு கயிற்றை இழுக்கும் சத்தம் மட்டும் கேட்டது. நான் அந்தத் தொப்பியைப் பறித்து வாய்க்காலில் எறிந்துவிடலாமா என்று நினைத்தேன்.

“அண்டைக்குப் பிறகு நீர் முகத்தை மூடேல்லை, என்ன தம்பி?” என்று கேட்டார்.

அக்கா தன் இடது கன்னத்தில் கையை வைத்தார். அதனால்தானா உமக்கு இப்படி ஆனது என்று மெல்லக் கேட்டார். இல்லை அக்கா, அது நரம்பு வருத்தம், டொக்டரே சொன்னவர், குளிருக்கும் அதுக்கும் சம்பந்தம் இல்லை என்று என் கணவர் அவசர அவசரமாகச் சொன்னார். இவ்வளவு கெட்டித்தனம் இல்லாமல் பொய் சொல்கிற மனிதரை நான் கண்டதில்லை.

“குனியும்,” என்றார் அக்கா.

அவர் குனிந்தார். அக்கா தொப்பியை இரண்டு கையாலும் விரித்து அவருடைய தலையில் மாட்டினார். நாடிக்குக் கீழே இழுத்தார். மூக்குத் தெரிந்தது, அதையும் மூடினார். கழுத்துப் பக்கத்தைச் சட்டைக்குள் செருகிவிட்டார். பள்ளிக்கூடம் போகிற பிள்ளைக்குச் செய்கிற மாதிரி எல்லாம் சரிபார்த்தார். பிறகு ஓரடி பின்னால் போய் நின்று, நிமிர்ந்து, அந்தத் திறப்பைப் பார்த்தார். உதடு இரண்டும் இறுகிப் போயிருந்தன. கண் இமைக்கவில்லை. நெடுநேரம் பார்த்தார். என் கணவர் மூச்சுவிடுகிறாரா என்றே எனக்குச் சந்தேகமாக இருந்தது.

“காது மூடியிருக்கோ?” என்று கேட்டார்.

அப்படி ஒரு கேள்விக்கு எவரும் தலையைத்தான் ஆட்டுவார்கள். நானும் ஆட்டியிருப்பேன். அவர் தலையை ஒரு மயிரிழை அசைக்கவில்லை. கழுத்தை மரமாக வைத்துக்கொண்டு, துணிக்குள்ளால் கேட்கும்படி சத்தமாக, “ஓம் அக்கா, மூடியிருக்கு,” என்று வாயால் சொன்னார்.

அந்தக் குரலைக் கேட்டதும் அக்காவின் தோள் இறங்கியது. வாளியைத் தூக்கினார். பாலை அளந்து ஊற்றினார்கள், ஒரு சொட்டும் சிந்தவில்லை. நான் கானின் மூடியைப் பிடித்துக்கொண்டு நின்றேன். என்னால் எதையும் சரியாகப் பார்க்க முடியவில்லை. படலையைச் சாத்தும்போது அக்கா சொன்னார்.

“நாளைக்கும் இதோடையே வாரும் தம்பி. மதகடியிலை கழட்டாதையும். நான் பாத்துப் பழகவேணும்.”

மதகடியில் அவர் தினமும் நின்று ஹெல்மெற்றைக் கழற்றிவிட்டு வருவதை அந்த அக்கா எத்தனை நாளாகக் கவனித்திருந்தாரோ தெரியாது. மிச்ச வீடுகளுக்கும் அன்று தொப்பியோடுதான் போனார். ஒவ்வொரு படலைக்கும் முன்னால், நான்தான், நான்தான் என்று குரல் கொடுத்துக்கொண்டு போனார். ஒரு வீட்டில் நாய் துரத்தியது. இன்னொரு வீட்டில், உம்மடை மனுசனை எங்கை விட்டிட்டு ஆரைக் கூட்டிக்கொண்டு வாறீர் என்று என்னைப் பகிடி பண்ணினார்கள். அவர் தொப்பிக்குள் சிரித்ததைக் கண்ணில் கண்டேன்.

மறுநாள் எனக்கு வேலை. அவர் தொப்பியைத் தானே போட்டுக்கொண்டு புறப்பட்டார். நான் கந்தோருக்கு வெளிக்கிடாமல் அவர் வரும்வரை படலையில் நின்றேன். அக்கா சொல்லிவிட்டார்தான். சொல்வது வேறு, விடியப்புறம் தனியாகப் படலையைத் திறந்து பார்ப்பது வேறு. மோட்டார் சைக்கிள் சத்தம் கேட்டதும் ஓடிப்போய், என்ன நடந்தது என்று கேட்டேன். அவர் தொப்பியைக் கழற்றிக் கையில் சுருட்டிக்கொண்டார்.

“நடுங்கினவா,” என்றார். “நல்லா நடுங்கினவா. கழட்டட்டோ எண்டு கேட்டனான். வேண்டாம், அப்பிடியே நில்லும் எண்டவா.”